சம்பாவில் ஒரு பிறந்தநாள்

ரிஷிகேசத்திலிருந்து கங்கோத்ரிக்குப் புறப்படும் பஸ்கள் நரேந்திர நகரைத் தாண்டி மலையேறி, சம்பாவில் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளும். இது இமாச்சலத்துச் சம்பா அல்ல. உத்தராகண்டின் டெஹ்ரி கட்வால் மாவட்டத்தில், சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். யாத்திரிகர்கள் டீ குடிக்கிறார்கள், வானம் வெளுத்திருந்தால் பனிச்சிகரங்களைப் பார்க்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் நினைவுச்சின்னம் யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு.

அது கபர் சிங் நேகியினுடையது. பக்கத்துக் கிராமத்தில் 1895 ஏப்ரல் 21 அன்று பிறந்தவர். 1913 அக்டோபரில் 39-வது கட்வால் ரைபிள்ஸில் சேர்ந்தார். மறு ஆண்டே ஐரோப்பாவில் போர் மூண்டது. 1914 அக்டோபரில் கட்வால் படை பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது.

1915 மார்ச் 10. வடக்கு பிரான்ஸின் நெவ் ஷபேல் கிராமம். 35 நிமிடம் பீரங்கிகள் முழங்கி ஓய்ந்ததும் காலாட்படை பாய்ந்தது. பதுங்குகுழிகள் நேர்கோட்டில் வெட்டப்படுவதில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மடங்கும். மடக்குக்கு அப்பால் காத்திருப்பது யார் என்று தெரியாது. பயனெட்டும் வெடிகுண்டுமாக உள்ளே குதித்த குழுவில், ஒவ்வொரு மடக்கிலும் முதலில் திரும்பியவர் கபர் சிங். பின்வாங்கிய ஜெர்மானியர்கள் கடைசியில் சரணடைந்தார்கள். அந்தச் சண்டையிலேயே அவர் இறந்தார். 20 வயது நிறைய ஆறு வாரம் பாக்கி.

விக்டோரியா கிராஸ் விருது ஏப்ரல் 28 அன்று அரசிதழில் வெளியானது. மார்ச் 13-இல் தாக்குதல் நின்றபோது மிஞ்சியது அந்தக் கிராமமும் அதை ஒட்டிய கொஞ்சம் வயற்காடும்தான்.

நெவ் ஷபேலில் 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவகத்தை வடிவமைத்தவர், டெல்லி தலைமைச் செயலகக் கட்டடங்களைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கர். அடக்கமான இடம் தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கபர் சிங்கின் பெயரும் அவற்றில் ஒன்று.

இவர்களுக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? விடையைச் சம்பாவைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேடலாம். படிப்படியாக வெட்டிய துண்டு நிலங்கள் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்கச் சோறு போடா. கட்வாலில் பட்டாளச் சம்பளம்தான் பல வீடுகளில் அடுப்பெரித்தது. 'மணியார்டர் பொருளாதாரம்' என்று அதற்குப் பெயரே உண்டு. வெள்ளைக்காரன் போய், தனி மாநிலமும் வந்த பின்னும் பையன்கள் அதே படைப்பிரிவில் சேருகிறார்கள்.

கபர் சிங்கின் இளம் மனைவி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் அந்தப் பதக்கத்தை அணிந்தே நடமாடினார் என்றும், எதிர்ப்பட்ட சிப்பாய்கள் சல்யூட் அடிப்பார்கள் என்றும் சொல்வார்கள்.

அவருக்காக ஆண்டுதோறும் சம்பாவில் மேளா கூடுகிறது. படைப்பிரிவினர் மரியாதை செலுத்துகிறார்கள். கூட்டம் கூடுவது அவர் இறந்த மார்ச் 10-இல் அல்ல. ஏப்ரல் 21-ஐ ஒட்டி. பிரான்ஸ் அவருடைய சாவைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறது. ஊர் கொண்டாடுவது அவர் பிறந்ததை.