பிட்டும் தேங்காய்ப்பூவும்

ஈழத்தின் கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த வாழ்வைப் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்று அம்மண்ணின் மக்கள் கூறுவர். குழலில் ஒரு பிடி மாவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் மாறி மாறி இட்டு அவிப்பது பிட்டு. மட்டக்களப்புக் கரையோர ஊர்களும் அவ்வாறே அடுத்தடுத்து அமைந்தவை. தாய்வழி வரும் ‘குடி’ முறை இரு சமூகத்தார்க்கும் பொது, மொழியும் ஒன்றே. ஈழத்து இலக்கியத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இவ்வுவமையை மகிழ்ந்து கூறுவேன். ஆயின் 1990ஆம் ஆண்டைக் கூறாமல் அப்பாடத்தை முடித்தல் இயலாது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுடப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள், மட்டக்களப்பு நகரையடுத்த சத்துருக்கொண்டானில் தமிழர் பெண்டு பிள்ளைகளோடு கொல்லப்பட்டனர். முன்னதற்குப் புலிகள் மீதும், பின்னதற்கு அரசுப் படையினர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. சுட்டவர் யார் என்பதை வரலாறு எழுதும். சுடப்பட்டவர் வீட்டுப் பிள்ளை அடுத்த ஊர்ப் பிள்ளையை எந்தக் கண்ணால் நோக்கும் என்பதை எழுதுவார் யார்?

எங்கள் பகுதியில் மய்யித்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அண்டை வீட்டாரே உணவு கொண்டுவருவர். என் தந்தையார் மவுத்தான நாளில், எதிர்வீட்டு இந்து அம்மையார் கொணர்ந்த கஞ்சியையே என் தாயார் முதலில் அருந்தினார். துயருற்ற மனத்திற்கு அண்டை வீட்டாரே முதல் மருத்துவர். அவரே அச்சத்திற்குக் காரணமாகிவிட்டால், அம்மனம் எங்கே சென்று ஆறுதல் தேடும்?

ஈழத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்நிலையைக் ‘கூட்டு மனவடு’ என்னும் நோக்கில் ஆராய்ந்தார். போர் தனி மனிதரோடு குடும்பத்தையும், ஊரையும், ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையையும் புண்படுத்துகிறது என்பது அவர் காட்டும் உண்மை. ஆகவே, உறக்கம் இழந்தவருக்கு மாத்திரை கொடுத்தனுப்புவது மட்டும் போதாது. தலைவர்களை மேடையேற்றிக் கைகுலுக்கச் செய்வதும் போதாது. மனப்புண் ஆற்றுதலும் சமாதானம் வளர்த்தலும் ஒரே பணியாதல் வேண்டும்.

அவ்வாறு செய்து காட்டிய இடம் ஒன்றுண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டில், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தோன்றிற்று. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும், உளவளத்துணையில் வல்ல இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வந்தனர். வாரந்தோறும், பல மாதங்கள், அப்பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்தனர், நாடகம் நடித்தனர். வழிநடத்திய இளைஞர்களும் இரு சமூகத்தாரே. வாயால் சொல்ல இயலாத துயரைக் கைகள் சொல்லின. கேட்டிருந்ததோ, அஞ்சத்தக்கவன் என்று வீட்டார் எச்சரித்திருந்த அதே அடுத்த ஊர்ப் பிள்ளை.

பூங்காவால் போரை நிறுத்த முடியவில்லை. அது 2009 மே வரை நீடித்தது. பின்னர் 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகள் பலர் உள்ளிட்டோர் மாண்டபோது, பழைய அச்சம் மீண்டும் எழுந்தது. குண்டு வைத்தோர் நம் சமயத்தின் பெயர் தாங்கியோர் என்பதை நாம் மறைத்தல் தகாது. ஆறாத புண் அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே, சமூகப் பெரியோர்களே! கலவரம் ஓய்ந்தபின் நிவாரணக் குழுவினர் எரிந்த வீடுகளை எண்ணுகின்றனர், இழப்பீட்டைக் கணக்கிடுகின்றனர். அப்பட்டியலில் உறங்காத குழந்தையையும் சேர்த்தெழுதுவோம். இரு தெருப் பிள்ளைகளும் கூடி விளையாட ஒரு திடலையும், அவர்களோடு அமர இரு சமூகத்து இளைஞர்களையும் தேடித் தருவோம். மாற்றார் வீட்டில் இழவு விழுந்தால், ஜமாஅத்தார் முதல் நாளே அவ்வாசலில் சென்று நிற்கட்டும். சமாதான ஒப்பந்தத்தைத் தலைவர்கள் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.