காய்ச்சலை மறைக்காதீர்கள்



பரீட்சை நெருங்கும்போது உங்களிற் பலர் செய்யும் ஒரு காரியத்தை நான் ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். காலையில் உடம்பு சுடும். இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு, அம்மாவிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி வகுப்புக்கு வந்துவிடுவீர்கள். ஒரு பாடமும் தவறக்கூடாது என்ற எண்ணம் நல்லதே. ஆயினும், கண்டியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், இது ஏன் ஆபத்தானது என்பதை உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் நோயை இனங்காணுவோம். தடிமன் மெல்ல மெல்லத் தொடங்கும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், ஆனால் நடமாட முடியும். இன்புளுவென்சா அப்படியன்று, அது திடீரெனத் தாக்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் குளிர், நடுக்கம், 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், தலைவலி, உடல் உளைவு, வறட்டு இருமல், கடுங்களைப்பு ஆகியவற்றுடன் படுத்துவிடுவார். இதன் நோயரும்பு காலம் 1 முதல் 4 நாட்கள் வரையாகும். நோயாளி, காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தொடங்கி 5 முதல் 7 நாட்கள் வரை பிறருக்கு வைரசைப் பரப்பக்கூடியவர்.

இலங்கையில் இந்நோய் பொதுவாக ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் பெப்ரவரி வரையும் அதிகரிக்கும். மழை நாட்களில் கம்பளைக்கும் கலஹாவுக்கும் செல்லும் பஸ்களில் யன்னல்கள் எல்லாம் அடைபட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒருவர் இருமினால், அந்தத் துளிகள் வெளியேற வழியில்லை. வகுப்பறையிலும் இதே நிலைதான். பின்வரிசையில் ஒருவர் இருமத் தொடங்கினால், அதே வாரத்தில் முன்வரிசையில் இரண்டு கதிரைகள் வெறுமையாவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இந்நோய் பெரும்பாலும் ஒரு வாரத்தில் மாறிவிடும். ஆனால் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும், கைக்குழந்தைக்கும், கர்ப்பிணியான அக்காவுக்கும், ஆஸ்துமா உள்ள தம்பிக்கும் அதுவே நியுமோனியாவாக மாறலாம். லயன் அறையில் ஆறு பேர் ஒன்றாக உறங்கும் வீட்டில் இதைத் தடுப்பது எளிதன்று. 1918 ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகம் வழியாக வந்த இன்புளுவென்சா மலையகத் தோட்டங்கள் வரை பரவி, பல உயிர்களைப் பறித்தது. அந்நோய்க்குக் காரணமான வைரசு மனிதரிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே 1933 இல்தான். அன்றைய மக்களுக்கு எதிரி யாரென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

காய்ச்சலை மறைக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது டெங்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2017 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்கிலும் காய்ச்சல், தலைவலி, உடல் உளைவு வரும். இருமலும் தடிமனும் பெரும்பாலும் இரா. கண்களின் பின்புறம் வலி, வாந்தி, வயிற்றுநோ, தோலில் சிவப்புப் புள்ளிகள் என்பன தோன்றலாம். காய்ச்சல் தணியும்போதுதான் டெங்கின் அபாயக் கட்டம் தொடங்கும். பனடோல் போட்டு மறைத்தவருக்குக் காய்ச்சல் என்று தொடங்கியது, என்று தணிந்தது என்பதே தெரியாமற் போய்விடும்.

ஆகவே, காய்ச்சல் வந்தால் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள். தொடங்கிய நாளைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வீட்டில் ஓய்வெடுங்கள். கஞ்சி, கொத்தமல்லித் தண்ணீர், இளநீர் எனத் திரவ உணவுகளை நிறையப் பருகுங்கள்.

3. உடல் நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். இரு வேளைகளுக்கிடையே 6 மணித்தியாலங்கள் இருக்கட்டும். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம்.

4. நுண்ணுயிர்க்கொல்லி பற்றீரியாவையே அழிக்கும், வைரசை அழிக்காது. வைத்தியர் தராமல் அதை வாங்கி விழுங்காதீர்கள்.

5. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் வைத்தியரிடம் சென்று குருதிப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்தக்கசிவு, தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல், தணிந்த காய்ச்சல் மீண்டும் வருதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

6. மருந்தின்றியே 24 மணித்தியாலங்கள் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே வகுப்புக்கு வாருங்கள்.

தடுப்பதும் கடினமன்று. சவர்க்காரமிட்டு 20 செக்கன்கள் கை கழுவுங்கள். உள்ளங்கைக்குள் அன்றி, முழங்கையை மடித்து அதற்குள் இருமுங்கள். வகுப்பறை யன்னல்களைத் திறந்து வையுங்கள். இவ்வைரசு தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே இருப்பதால், ஆண்டுதோறும் புதிய தடுப்பூசி தேவைப்படுகிறது. முதியோருக்கு அது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பரீட்சை நாளன்றே காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது? அன்றும் மறைக்க வேண்டாம். பெற்றோர் மூலம் அதிபருக்கும் பரீட்சை மண்டபப் பொறுப்பாளருக்கும் அறிவியுங்கள். முகக்கவசம் அணிந்து செல்லுங்கள். ஏனைய நாட்களில் தவறும் பாடக் குறிப்புகளை நண்பனின் கொப்பியைப் பார்த்து ஒரே மாலையில் எழுதிக்கொள்ளலாம்.