தராசில் ஏறாத பெட்டிகள்

வீட்டிற்குள் புதிய பொருளொன்று வருகிறதென்றால், ஏற்கெனவே இருக்கும் பொருளொன்று இடம்விட்டு நகர வேண்டியிருக்கிறது. அம்மி நகர்ந்தது, ஆட்டுக்கல் நகர்ந்தது, தையல் இயந்திரமும் நகர்ந்தது. நகர்ந்தவற்றுள் சில பரணில் ஏறின. சில பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறின. எதை எங்கே ஏற்றுவது என்பதை நாம் பெரும்பாலும் ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. 'பழையது' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்துவிடுகிறது. அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திவைத்து ஆராயும் வாய்ப்பு அண்மையில் எங்கள் வீட்டில் அமைந்தது.

என் தந்தை 1979-ஆம் ஆண்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்பிளிஃபயரும், ஒரு ரெக்கார்டு பிளேயரும், இடுப்பளவு உயரமுள்ள இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் வாங்கினார். அதற்கு முந்திய ஆண்டுதான் 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் ஒலிப்பதிவாகி வந்திருந்தன. இடப்புறம் ஒரு கருவியும் வலப்புறம் மற்றொன்றுமாக ஒலிப்பதைக் கேட்பதற்கென்றே அண்டை வீட்டார் எங்கள் கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். பின்னாளில் கேசட் டெக் ஒன்று சேர்ந்தது. தாத்தா காலத்து வால்வு வானொலியும், ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் அதற்கு உரிமக் கட்டணம் செலுத்திய சிறு புத்தகமும் பரணில் இருந்தன. தந்தை மறைந்தபின் இவை எதையும் யாரும் தொடவில்லை.

புதியதொன்று வேண்டும் என்ற பேச்சு என் தாயை முன்னிட்டே எழுந்தது. அவருக்கு எண்பது வயது. தொலைக்காட்சியில் இசை கேட்கிறது, இரைச்சல் கேட்கிறது, பேச்சு மட்டும் புரிவதில்லை என்பார். நகைச்சுவைக் காட்சிகளில் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, நாங்கள் சிரித்த பிறகு சிரிப்பார். முதுமையில் மெல்லிய உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. சொற்களை வேறுபடுத்திக் காட்டும் மெய்யெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, இன்றைய தொலைக்காட்சிகள் தட்டையாகிவிட்டன. அவற்றின் சிறிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் நம்மை நோக்காமல் தரையையோ சுவரையோ நோக்கி ஒலிக்கின்றன.

ஹோம் தியேட்டர் என்றால் அதிரும் ஓசையே பலர் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் உண்மையான பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. திரைப்பட ஒலியைப் பல தடங்களாகப் பிரிக்கும்போது, உரையாடலின் பெரும்பகுதி நடுத் தடத்தில் வைக்கப்படுகிறது. திரைக்கு அடியில் அதற்கென ஒரு ஸ்பீக்கரை வைத்து, அதன் அளவை மட்டும் கூட்டிவிட்டால், இசை கூடாமலே பேச்சு தெளிவடையும். எங்களுக்கு வேண்டியிருந்தது இதுவே.

என் மகன் கணக்குப் போட்டான். ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு வூஃபர், ஒரு ரிசீவர். தொகை எங்கள் கைக்கு மீறியதாக இருந்தது. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழையவற்றை எடைக்குப் போடலாம் என்றும் அவன் சொன்னான். எடைக்குப் போட்டால் கிடைப்பது மரத்துக்கும் இரும்புக்கும் உரிய விலை மட்டுமே.

இங்கேதான் 'பழையது' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒலிச் சாதனங்களில் இரண்டு வகை வேலைகள் நடைபெறுகின்றன. ஒன்று, வந்த குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வது. மற்றொன்று, காற்றை அசைத்து ஒலியாக்குவது. முதல் வேலையின் மொழி அடிக்கடி மாறுகிறது. 1982-இல் குறுந்தகடு வந்தது, 1992-இல் டால்பி டிஜிட்டல் திரையரங்குகளில் ஒலித்தது, 2002-இல் எச்.டி.எம்.ஐ. இணைப்பு வரையறுக்கப்பட்டது; 2012-இல் டால்பி அட்மாஸ் வந்தது. அந்தந்த மொழியைப் படிக்கும் கருவி பத்தாண்டுகளிலேயே பின்தங்கிவிடுகிறது. இரண்டாவது வேலைக்கு மொழியே இல்லை. அன்றும் இரண்டு கம்பிகள், ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு காகிதக் கூம்பு, இன்றும் அவையே. ஆகவே புதிதாக வாங்க வேண்டியது ரிசீவரையே. ஸ்பீக்கர்கள் நலமாக இருந்தால் அவற்றை மாற்றக் காரணமில்லை.

நலமாக இருக்கின்றனவா என்பதைப் பார்க்க, எங்கள் ஊரில் நெடுங்காலமாக ரேடியோ பழுது பார்க்கும் ஒருவரை அழைத்துவந்தேன். கூம்பை விரல்களால் சமமாக மெல்ல அழுத்திப் பார்த்தார். உரசல் இல்லை. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப்பஞ்சால் ஆனதாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகளில் பொடிந்து போயிருக்கும். இது துணி விளிம்பு. மீட்டர் ஆறு ஓம் காட்டியது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே சரியான அளவு என்றார். ஆம்பிளிஃபயரில் காய்ந்துபோன மின்தேக்கிகள் சிலவற்றை மாற்றி, ஒலியளவுக் குமிழில் படிந்திருந்த தூசியை அகற்றினார். "பெட்டிக்கு ஒண்ணும் ஆகல சார். பாட்டு கேட்காமத்தான் கெட்டுப்போச்சு" என்றார்.

தந்தையின் ஸ்பீக்கர்கள் இப்போது முன்புற இடமும் வலமுமாகப் புதிய ரிசீவருடன் நிற்கின்றன. நடு ஸ்பீக்கர் ஒன்றும், பின்புறத்திற்குச் சிறியவை இரண்டும், வூஃபரும் மட்டுமே வாங்கினோம். எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழான ஆழ்ந்த ஒலியை வூஃபர் ஏற்றுக்கொள்வதால் பழைய கூம்புகளுக்கும் சுமை குறைகிறது. பழைய ஆம்பிளிஃபயருக்கும் ஒரு வேலை இருந்தது. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். கேட்கும்போது அதைச் சமன்செய்ய வேண்டும். நாங்கள் வாங்கிய ரிசீவரில் அதற்கான வசதி இல்லை, பழையதில் உண்டு. எனவே ரெக்கார்டு பிளேயரைப் பழைய ஆம்பிளிஃபயரில் இணைத்து, கேசட்டில் பதிவதற்கென்று அதில் உள்ள 'டேப் அவுட்' துளையிலிருந்து ரிசீவருக்குக் கம்பி இழுத்தோம். ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ஆம்பிளிஃபயர்களை ஒருங்கே இணைக்கலாகாது, இரண்டும் பழுதாகும். இந்த முறையில் அந்த அச்சம் இல்லை.

முதல் வாரத்திலேயே ஒரு மாலை, நகைச்சுவைக் காட்சியொன்றில் அம்மா எங்களுக்கு முன்பாகவே சிரித்தார். நாங்கள் திரையைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்த்தோம்.

எஞ்சியவை கேசட் டெக்கும் வால்வு வானொலியும். பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்த பின்னும் பரணில் வைத்திருப்பது பாதுகாப்பதாகாது. அங்கே அவை இன்னும் சற்று மெதுவாக அழியும், அவ்வளவே. விற்க முடிவு செய்தோம். வானொலிக்கு இருவர் வந்தனர். ஒருவர் உணவு விடுதியை அலங்கரிக்கப் பழம்பொருள்கள் வாங்குபவர். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு விளக்குப் பொருத்தப் போவதாகச் சொல்லி, ரூ. 4,000 தருவதாகக் கூறினார். மற்றவர் பொறியியல் மாணவர். பழுது நீக்கிப் பாட வைக்க வேண்டும் என்ற ஆவல் அவருக்கு. கையில் ரூ. 2,500-தான் இருந்தது.

அம்மா என்னைத் தனியே அழைத்தார். விலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. "ஏம்ப்பா, அதுல என்ன கோளாறுன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டியா?" என்றார். சொன்னேன். வானொலியில் இரைச்சல் உண்டு. ஒரு வால்வு போயிருக்கலாம். நெடுங்காலம் உறங்கிய பெட்டிக்கு ஒரேயடியாக மின்சாரம் கொடுக்கலாகாது. உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மின்தேக்கிகளை முதலில் மாற்றிவிடுங்கள் என்றேன். டெக்கில் ரப்பர் பட்டை தளர்ந்திருப்பதையும் காட்டினேன். வாங்குபவர் பின்வாங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தேன். "சொல்லிட்டீங்களே சார், இனி எங்கே கை வைக்கணும்னு தெரிஞ்சிருச்சு" என்றார் அவர். இரண்டையும் அவருக்கே கொடுத்தோம்.

ஆயிரத்து ஐநூறு ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சிறு தொகையன்று. ஆனாலும் அந்தப் பெட்டி பாடுவதற்காகச் செய்யப்பட்டது. பாட வைக்க விரும்பும் ஒருவர் வாசலில் நிற்கும்போது, அதை விளக்காக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வேறெதற்கும் உதவாத ஸ்டெபிலைசர் ஒன்று மட்டும் மின்கழிவு சேகரிப்பவரிடம் போயிற்று. ஈயப் பற்றவைப்பு உள்ளவற்றைக் குப்பையில் எறிவது மண்ணுக்குச் செய்யும் தீங்கு.

பழையவற்றையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. இதன் வேலை இன்னும் நடக்குமா, நம் வீட்டில் நடக்குமா, இல்லையேல் யார் வீட்டில் நடக்கும் என்று கேட்டுப் பார்த்தால், நாம் தராசுக்கு அனுப்புபவை வெகுவாகக் குறையும்.

மாணவர் புறப்படும்போது, அஞ்சலக முத்திரைகள் பதிந்த அந்த உரிமப் புத்தகத்தையும் அம்மா எடுத்து வந்து கொடுத்தார். வானொலி போகும் வீட்டுக்கே அதன் கணக்கும் போகட்டும் என்றார்.