மலைநாட்டு வழியே – 6: முழங்காலுக்குக் கீழே ஒரு பறவை

நுவரெலியாவிலிருந்து விடியுமுன்பே கிளம்பிவிட்டோம். பட்டிப்பொல ரயில் நிலையத்தை நெருங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் இது, 1,898 மீட்டர். அங்கிருந்து சாலை வளைந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுகிறது. சேத்துப்பட்டு வெயிலில் வளர்ந்த உடம்பு. இரண்டு கம்பளிச் சட்டை போட்டும் பல் தந்தியடித்தது.

‘உலக முடிவு’ப் பள்ளத்தைப் பனிமூட்டம் மறைப்பதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று மற்ற வேன்கள் எங்களை முந்திக்கொண்டு ஓடின. எங்கள் ஓட்டுநர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். அரேங்கா குளத்தருகே வண்டியை நிறுத்தி, “மேல பாக்காதீங்க ஐயா, முழங்காலுக்குக் கீழ பாருங்க” என்றார்.

குறிஞ்சி இனச் செடிகளும் குட்டை மூங்கிலும் பின்னிக் கிடந்த புதருக்குள் சருகு அசைந்தது. சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை எலிபோல ஓடி வந்து நின்றது. கரும்பழுப்பு முதுகு, சாம்பல் வயிறு, தொண்டையில் இளங்காவி. கண் சிவப்பாக இருந்ததால் ஆண். பெண்ணுக்கு வெளிர்நிறக் கண். இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி. தரையோடு தரையாகப் பூச்சி, புழு பொறுக்கும். பறப்பது அபூர்வம். கூட்டையும் தாழ்வான புதரில்தான் கட்டும். இந்த நாட்டின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளித் 1851இல் இதை உலகுக்கு அறிவித்தார். இதன் நெருங்கிய உறவு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளில். அகன்ற வால்கொண்ட புல்குருவி அது. மரபணு ஆய்வுகள் காட்டிய சொந்தம் இது.

பனியுகங்களில் கடல் வற்றி இலங்கையும் இந்தியாவும் பலமுறை நிலத்தால் இணைந்திருந்தன. அப்படியும் இரு மலைகளின் உயிர்கள் அதிகம் கலக்கவில்லை என்று 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. தவளை, நண்டு, மீன், பாம்பு பற்றிய ஆய்வு அது. ஆனாலும் இந்தக் குருவியைப் பார்த்தபோது காரணம் விளங்கியதுபோல் இருந்தது. குளிர்ந்த புதரைவிட்டு வெளியே வராத உயிருக்கு, இடையில் கிடக்கும் வறண்ட சமவெளியும் ஒரு கடல்தான். எங்கள் ஊர் நெல்வயலும் கரடும் எனக்கு வீடு. இதற்குத் தாண்டமுடியாத தூரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன. இந்தக் குருவி மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் ஒடுங்கியது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் மத்திய மலைநாட்டோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நுழைவாயிலில் பாலித்தீனைச் சோதித்து வாங்கிக்கொள்கிறார்கள்; முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு இதை வெளியே இழுக்காதீர்கள். பாதையைவிட்டுப் புதருக்குள் கால் வைக்காதீர்கள். இதற்கு அந்தப் புதரைவிட்டால் வேறு ஊர் இல்லை.