நடைக்கு இத்தனை ரூபாய்

பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட ஒரு விவசாயி வந்திருக்கிறார் என்று குமாஸ்தா சொன்னபோது, நில எடுப்பு இழப்பீட்டில் ஏதோ பாக்கி இருக்கும் என்றுதான் நினைத்தேன். வந்தவர் பேசியது குப்பையைப் பற்றி. வளாகத்தின் பின்பக்கச் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஓர் ஏரி. அதன் கரையில் டிராக்டர் வந்து குப்பையைக் கொட்டுகிறது. பொழுது சாய்ந்தால் தீ வைக்கிறார்கள். மழை பெய்தால் கரியும் பாலித்தீனும் மதகு வழியாக அவர் வயலுக்கு வந்துவிடுகின்றன. நகராட்சிக்கும், பதிவாளருக்கும், கலெக்டரின் குறைதீர் நாளிலும் கொடுத்த மனுக்களின் ரசீதுகளை மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். “படிச்சவங்க இருக்கிற இடம் சார். எடுத்துச் சொன்னா கேட்டுக்குவாங்கன்னு இருந்தேன்” என்றார்.

சட்டத்தில் குழப்பமே இல்லை. 2016 ஏப்ரல் 8 அன்று அறிவிக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள்தான் அப்போது நடப்பில் இருந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை அவை தனி வகையாகவே வைத்தன. பல்கலைக்கழகமும் விடுதியும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பெயிண்ட் டப்பா, பழைய பேட்டரி போன்ற அபாயக் குப்பை என மூன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனம் என்றால், மக்குவதைக் கூடுமானவரை தன் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஓராண்டு அவகாசம். அந்த அவகாசம் முடிந்து வெகுகாலம் ஆன பிறகுதான் என் கட்சிக்காரர் மஞ்சப்பையோடு படியேறினார்.

சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. 2010-ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. எனவே சேப்பாக்கம் கலச மகாலில் இயங்கும் தென்மண்டல அமர்வில் மனு தாக்கல் செய்தோம்.

பல்கலைக்கழகத்தின் பதிலுரை தடிமனாக வந்தது. பாதிக்கு மேல் வண்ணப் புகைப்படங்கள். ஒவ்வொரு துறை வாசலிலும் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, கறுப்புத் தொட்டி. மாணவர்கள் உறுதிமொழி எடுக்கும் படமும் உண்டு. வாதங்கள் மூன்று. கரையில் கிடப்பது பக்கத்து ஊராட்சியின் குப்பை என்பது ஒன்று. பல ஆண்டுகளாக இருக்கும் பிரச்சினைக்கு 6 மாதக் காலவரம்பு கடந்துவிட்டது என்பது இரண்டு. ஏரி கிராம எல்லையில் இருப்பதால் 2016 விதிகளே பொருந்தாது என்பது மூன்று.

பின்னவை இரண்டும் என்னைப் பெரிதாகக் கவலைப்படுத்தவில்லை. ஏரியை மீட்டுத்தரும் கோரிக்கை தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஏரி எந்த எல்லையில் இருந்தாலும், குப்பையை உண்டாக்கும் வளாகம் நகராட்சிக்குள் இருக்கிறது. விதி கட்டுப்படுத்துவது அந்த வளாகத்தை. நீர்நிலையில் கழிவைப் போடுவதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் தடுக்கிறது; அதற்கு நகரம், கிராமம் என்ற பேதம் கிடையாது. முதல் வாதம்தான் ஆபத்தானது. குப்பை யாருடையது என்று நிரூபிக்காவிட்டால் மனு நிற்காது.

தீர்ப்பாயம் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தது. கலெக்டரின் பிரதிநிதி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளர், நீர்வளத் துறைப் பொறியாளர் ஆகியோர் வந்தார்கள். நானும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கூடவே நின்றோம். வாரியப் பொறியாளர் மண்வெட்டி கொண்டுவரச் சொல்லி, மேடு மேடாகக் கிடந்ததை மூன்று இடங்களில் வெட்டச் சொன்னார். மேலே எரிந்த சருகு. அதற்குக் கீழே புளித்த சோறும் சாம்பாரும் ஊறிப்போன காகிதம். அந்தக் காகிதத்தில் உள்தேர்வு விடைத்தாளின் முகப்பு. இன்னும் கீழே பால் கவர்கள், டியூப்லைட் துண்டுகள், ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி. புட்டியின் மேல் ஆய்வகத்தின் பெயரும் இருப்புப் பதிவேட்டு எண்ணும் இருந்தன. ஊராட்சியில் யாரும் வேதியியல் ஆய்வகம் நடத்தவில்லை. பொறியாளர் புட்டியைப் படம் எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் வாதம் அங்கேயே விழுந்தது. ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. புகைப்படத்தில் இருந்த தொட்டிகள் பொய்யில்லை. நானே வளாகத்தில் பார்த்தேன். மாணவர்களும் ஓரளவு பிரித்தே போடுகிறார்கள். பிரித்துப் போட்டது கரையில் எப்படி ஒன்றாகக் கிடக்கிறது?

பதிலைச் சொன்னவர் விடுதிப் பக்கம் வேலை செய்த ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா. “நாங்க பிரிச்சுதான் சார் எடுத்துட்டு வர்றோம். வர்றது ஒரே வண்டி. எல்லாத்தையும் அதுலதானே கொட்டணும்? தனியா வைன்னா, நேரமாச்சுன்னு டிரைவரு சத்தம் போடுறாரு.” அவர் கைகளில் உறை இல்லை.

அவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினால் வழக்குக்குப் பலம்தான். ஒப்பந்தப் பணியாளர், மறுநாளே வேலை போய்விடும். அவர் பெயரை எங்கும் எழுதாமல், அவர் சொன்னதைக் காகிதத்தில் தேடினேன். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, துப்புரவு ஒப்பந்தத்தின் நகலையும் பில்களையும் கேட்டோம். முதலில் மறுத்து, மேல்முறையீட்டில் கொடுத்தார்கள்.

வழக்கின் உயிர் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்ததாரருக்குக் கூலி, நடைக்கு இத்தனை ரூபாய். டிரெய்லர் நிறைந்து வெளியே போனால் ஒரு நடை. பிரித்து ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி இல்லை. டிரெய்லருக்குத் தடுப்பு இல்லை. எங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பதற்கு, ‘வளாகத்துக்கு வெளியே உரிய இடத்தில்’ என்று மட்டும் இருந்தது. எடைச்சீட்டு கேட்கப்படவில்லை. வளாகத்திலேயே உரமாக்கினால் வெளியே போகும் நடை குறையும். நடை குறைந்தால் வருமானம் குறையும். எந்த ஒப்பந்ததாரர் அதைச் செய்வார்? சருகு எஸ்டேட் பிரிவின் பொறுப்பு, மெஸ் கழிவு விடுதி நிர்வாகத்தின் பொறுப்பு, புட்டிகள் அந்தந்தத் துறையின் பொறுப்பு. மூன்றும் சேர்ந்த பிறகு யாருடைய பொறுப்பும் இல்லை. தொட்டி வாங்கியதோ நான்காவதாக ஒரு நிதியில்.

இறுதி விசாரணையில் நான் நீளமாக வாதாடவில்லை. ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும், கூட்டுக் குழுவின் அறிக்கையையும் அடுத்தடுத்து வாசித்தேன். நிபுணர் உறுப்பினர் எதிர்த்தரப்பிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஒரு நாளில் மக்கும் குப்பை எத்தனை கிலோ வருகிறது? அதன் பதிவேடு எங்கே?” வழக்கறிஞர் பதிவாளரைப் பார்த்தார், பதிவாளர் எஸ்டேட் அலுவலரைப் பார்த்தார். பதிவேடு இல்லை.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே, அல்மித்ரா படேல் வழக்கில், நாடு முழுவதும் தடை செய்திருந்தது. பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தது. அந்த உத்தரவைக் காட்டியபோது, எரித்தது ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்றார்கள். ஆள் யாருடையவராக இருந்தாலும் குப்பைக்குப் பொறுப்பு அதை உண்டாக்கியவரே என்று அமர்வு சொல்லிவிட்டது.

உத்தரவு வந்தது. கரையில் கிடப்பதைப் பல்கலைக்கழகம் தன் செலவில் அகற்ற வேண்டும். மெஸ் கழிவும் சருகும் வளாகத்திலேயே உரமாக வேண்டும். ஆய்வகக் கழிவு அனுமதி பெற்ற நிறுவனத்துக்குத் தனியாகப் போக வேண்டும். பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் தர வேண்டும். சுற்றுச்சூழல் இழப்பீட்டை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட வேண்டும். நான் முக்கியமாகக் கேட்டதும் கிடைத்தது: நடைக்கூலி முறையைக் கைவிட்டு, பிரித்துத் தரும் எடையின் பேரில் புது டெண்டர். என் கட்சிக்காரர் கேட்ட பயிர் நஷ்டம் மட்டும் கிடைக்கவில்லை. எந்த ஆண்டில் எவ்வளவு விளைச்சல் குறைந்தது என்பதற்கு அடங்கல் மட்டும் போதாது என்று தள்ளிவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, எனக்கும்தான்.

இப்போதும் கல்லூரிகளிலிருந்து இதே புகாரோடு மாணவர்கள் வருகிறார்கள். கையோடு தொட்டிகளின் படங்களைக் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: தொட்டியைப் படம் எடுத்தது போதும். துப்புரவு ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். கூலி எதற்குக் கொடுக்கப்படுகிறது, வண்டியில் எத்தனை அறைகள், இறக்கும் இடத்தின் எடைச்சீட்டு எங்கே என்று பாருங்கள். பிரிப்பதற்குக் காசு கொடுக்காத ஒப்பந்தம் இருக்கும்வரை எந்த வளாகத்திலும் குப்பை பிரியாது.