கழுத்தைப் பிடிக்கும் வளையம்

20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு இடுப்பு கிடையாது. தோள் உண்டு, ஐந்தரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கழுத்து உண்டு. அந்தக் கழுத்தின் விளிம்புக்கு அடியில் விரல்களைக் கொக்கிபோல் மடக்கித்தான் சென்னையில் லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளில் இரண்டு மாடி, மூன்று மாடி என்று ஏற்றுகிறார்கள். கேன் போடுபவர்களின் கைகளைக் கவனித்தால், விரல்களின் உட்புறத்தில் நடு மூட்டை ஒட்டித் தோல் தடித்துக் காய்த்திருப்பது தெரியும். கழுத்து எங்கே அழுத்துகிறது என்பதை அந்தக் காய்ப்பே வரைந்து காட்டிவிடுகிறது. இந்தக் கழுத்தில் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் கைப்பிடி கடைகளில் கிடைக்கிறது. 2 லிட்டர் குளிர்பானப் பாட்டிலுக்கும் 5 லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அதன் சின்ன வடிவங்கள் வந்திருக்கின்றன. இதை வார்க்கும் பட்டறைகளையும் இதைப் பிடித்துச் சுமக்கும் கைகளையும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியானது: பாட்டிலின் கழுத்திலிருந்து யோசிக்கத் தொடங்குவதால்தான் இந்தக் கைப்பிடிகள் பெரும்பாலும் சரியாக அமைவதில்லை. உள்ளங்கையில் தொடங்கிக் கழுத்தில் வந்து முடிய வேண்டிய பொருள் இது.

கைப்பிடியைப் பாட்டிலோடு சேர்த்தே வார்த்துவிடலாமே என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். சமையல் எண்ணெய் கேனில் அப்படித்தான் செய்கிறார்கள். உருகிய பிளாஸ்டிக் குழாயை அச்சின் இரு பாதிகளும் நெருக்கும்போது, நெருக்கிய இடம் ஒட்டிக்கொண்டு நடுவில் கை நுழையும் ஓட்டை அமைகிறது. குளிர்பானங்கள் வரும் பெட் (PET) பாட்டில் பிறக்கும் விதம் வேறு. பொறியாளர் நத்தானியேல் வயெத் 1973-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலின் வலிமை முழுவதும் இழுப்பில் இருக்கிறது. சோதனைக் குழாய் போன்ற ப்ரீஃபார்மைச் சூடாக்கி, உள்ளே கம்பியை விட்டு நீளவாக்கிலும் காற்றை ஊதி அகலவாக்கிலும் இழுக்கிறார்கள். இப்படி இரு திசையிலும் இழுபட்ட சுவர்தான் குளிர்பானத்தின் வாயு அழுத்தத்தைத் தாங்குகிறது. அதை நெருக்கி ஒட்டவைத்து ஓட்டை போடுவது மிகக் கடினம். பாலிகார்பனேட் தண்ணீர் கேனில் கைப்பிடியைச் சேர்த்தே வார்க்க முடியும், அப்படி வார்த்த கேன்களும் புழக்கத்தில் உள்ளன. ஆனால் திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பும் கேனில், உள்ளே குழிவாக இருக்கும் கைப்பிடிக்குள் பிரஷ் போய்த் தேய்ப்பது சிரமம். குடிதண்ணீரைத் தொடாமல் வெளியே நிற்கும் தனிக் கைப்பிடிக்கு இந்தக் குறை இல்லை.

நம் பெண்கள் காலங்காலமாகக் குடம் சுமந்தார்களே, குடத்துக்கு ஏது கைப்பிடி என்று கேட்பவர்கள் உண்டு. குடத்தை உற்றுப் பார்த்தால் அதற்குள்ளேயே பதில் கிடைக்கும். உருண்ட வயிறு இடுப்பெலும்பின் மேல் அமர்கிறது, ஒடுங்கிய கழுத்தை முழங்கை வளைத்துக்கொள்கிறது, மடிந்த விளிம்பு விரல்களுக்குப் பிடி கொடுக்கிறது. சுமையில் பெரும்பங்கை இடுப்பு வாங்கிக்கொள்ள, கை அதைச் சரியாமல் அணைத்தால் போதும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கையில் லோட்டாவைப் புகழ்ந்தது இந்தக் காரணத்துக்காகத்தான். எவ்வளவு நீர் கொள்ளும், எப்படித் தூக்குவார்கள், எப்படி ஊற்றுவார்கள் என்று பல தலைமுறைகளின் உடல்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்தச் சொம்பு விடை சொல்கிறது. தண்ணீர் கேன் அப்படிப் பல கைகள் பட்டு உருவானதல்ல. தலைகீழாகக் கவிழ்த்து டிஸ்பென்சரில் நிறுத்தவும் வண்டியில் அடுக்கவும் ஏற்ற உருளை அது. இடுப்பில் வைத்தால் வழுக்கும், தோளில் ஏற்றினால் கழுத்து நரம்பை அழுத்தும். ஆகவே குடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் கைப்பிடியின் தேவையைத்தான் மெய்ப்பிக்கிறார்கள். குடத்தில் வடிவமாகவே கரைந்திருந்த பிடியை, கேனுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

எப்படிக் கொடுப்பது என்பதற்கு எண்கள் உண்டு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 1991-இல் திருத்தியமைத்த தூக்குதல் சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலேயே 23 கிலோவைத்தான் எல்லையாக வைத்தது. உடலிலிருந்து தள்ளிப் பிடித்தால், திரும்பித் தூக்கினால், அடிக்கடி தூக்கினால் அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். பிடிமானம் மோசம் என்றால் அதற்காக மட்டும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரே கையால் தூக்கும் வேலைக்குத் தன் கணக்கு பொருந்தாது என்றும் அது சொல்கிறது. 20 கிலோ தண்ணீரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படியேறுபவர் அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதை விளக்க வேண்டியதில்லை. நல்ல கைப்பிடிக்கு அந்த நிறுவனம் தரும் அளவுகளும் உள்ளன: தடிமன் ஏறக்குறைய 2 முதல் 4 சென்டிமீட்டர், நீளம் குறைந்தது பதினொன்றரை, விரல்கள் நுழைய 5 சென்டிமீட்டர் இடைவெளி. கடையில் கிடைக்கும் பிடிகளில் இவற்றை வைத்து அளந்தால், பெரும்பாலானவை நீளத்தில் தோற்கின்றன. நான்கு விரல் செல்ல வேண்டிய இடத்தில் மூன்று விரல்தான் செல்கிறது, சுண்டுவிரல் வெளியே தொங்குகிறது.

தடிமனை எளிய கணக்காலேயே விளக்கிவிடலாம். நான்கு விரலும் சேர்ந்து பிடியைத் தொடும் நீளம் சுமார் 8 சென்டிமீட்டர். பிடி அரை சென்டிமீட்டர் அகலப் பட்டையாக இருந்தால் தொடும் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர். 20 கிலோவும் அதன் மேல் இறங்குகையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 5 கிலோ. அகலத்தை இரண்டரை சென்டிமீட்டர் ஆக்கினால் அது 1 கிலோவாகக் குறைகிறது. பிறகு ஏன் மெல்லிய பட்டையாகவே வார்க்கிறார்கள்? பட்டறையில்தான் காரணம் தெரிகிறது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் தடித்த பகுதி மெல்ல ஆறும். வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே இருப்பது பின்னர் சுருங்கும்போது மேற்பரப்பு குழிந்துவிடும், அல்லது உள்ளே வெற்றிடம் விழும். ஆறும்வரை மெஷின் காத்திருக்க வேண்டும், அந்த நொடிகள் எல்லாம் காசு. அதனால் பிடியின் அடிப்பக்கத்தைக் குடைந்து, குறுக்குச் சுவர்கள் மட்டும் வைத்து வார்க்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தடிமனாக, அழகாகத் தெரியும். விரல்கள் பிடிப்பதோ அடிப்பக்கத்தை. அங்கே இருப்பவை அந்தக் குறுக்குச் சுவர்களின் ஓரங்கள். இரும்பு வாளிக்கு இதை என்றோ தீர்த்துவிட்டார்கள்: வளைந்த கம்பி, அதன் நடுவில் கை பிடிக்க ஓர் உருளை. கம்பி சுமையைத் தாங்கும், உருளை கையைத் தாங்கும். கேன் கைப்பிடிக்கும் இந்தப் பழைய வழியே சிறந்தது என்பது என் கருத்து.

அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் பிளாஸ்டிக் கசிந்து பிசிறு நிற்கும். அச்சு புதிதாக இருக்கையில் பிசிறு தெரியாது, ஓரம் தேயத் தேயத் தடிக்கும். வார்த்த உருப்படிகளைக் கூடையில் கொட்டி, சின்னக் கத்தியால் பிசிறு சீவுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி இருந்தால் கத்தி வேகமாகத்தான் ஓடும், வேகமாக ஓடிய கத்தி சீவாமல் விட்ட இடம் வேறொருவரின் விரலில் கோடாகப் பதியும். பிசிறு சீவுகிறவரைக் குறை சொல்வது நியாயமாகாது. பிரிகோடு விரல் படும் இடத்தில் ஓடும்படி அச்சு வெட்டியதுதான் மூலத்தவறு. கோட்டைப் பிடியின் பக்கவாட்டுக்கு நகர்த்திவிட்டால், அவசரத்தில் விடுபட்ட பிசிறுகூட யாரையும் அறுக்காது. முதல் படம் வரையும்போதே இதைச் செய்ய முடியும், அப்போது செய்தால் கூடுதல் செலவும் இல்லை.

கைப்பிடி உடைவது பெரும்பாலும் கழுத்து வளையத்தில். அச்சு வேலை தெரிந்தவர்களிடம் உடைந்த வளையத்தைக் கொடுத்தால், முதலில் அவர்கள் தேடுவது கேட் இருந்த தழும்பை, அதாவது உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடத்தை. அங்கிருந்து அது இரண்டாகப் பிரிந்து வளையத்தைச் சுற்றி ஓடி, எதிர்ப்பக்கத்தில் சந்திக்கிறது. ஓடி வரும்போதே முகப்பு சற்று ஆறிவிடுவதால் சந்திப்பு முழுமையாக இணையாது, மயிரிழை போன்ற கோடு நிற்கும். வெல்டு லைன் என்று சொல்லும் அந்தக் கோடுதான் வளையத்தின் பலவீனமான இடம். கேட்டை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப அந்த இடம் மாறும். மாட்டும்போது விரிந்து கொடுக்க வேண்டிய பகுதியில் கோடு விழுந்தால், சில நூறு முறை மாட்டிக் கழற்றுவதற்குள் அங்கே வெடிப்பு தொடங்கும். தடித்த, அசையாத பகுதியில் விழச் செய்தால் அதே பிளாஸ்டிக், அதே எடை, ஆனால் ஆயுள் பல மடங்கு. உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிடுவதும் அப்படியே. இந்த அறிவெல்லாம் அச்சுப் பட்டறையில் இருக்கிறது. சென்னையில் 1968-இல் தொடங்கிய பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிப்பெட் பல தலைமுறை அச்சு வடிவமைப்பாளர்களை உருவாக்கியிருக்கிறது, அம்பத்தூர் வட்டாரத்தின் சிறு பட்டறைகளில் அதைக் கைப்பழக்கமாகவே கொண்ட ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் முடிவான மாதிரி ஒன்றுதான். இதேபோல் செய்து கொடுங்கள் என்ற கட்டளையோடு வரும் மாதிரியிடம் அவர்கள் என்ன கேள்வி கேட்க முடியும்?

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலிபுரோப்பிலீன் இதற்குப் பொருத்தமானது, மடங்கி மடங்கி எழுந்தாலும் சட்டென்று ஒடியாது. ஆனால் வெயில் அதற்குப் பகை. வெயிலைத் தாங்கும் சேர்மம் கலக்காத கைப்பிடி வண்டியின் ஹேண்டில்பாரில் மாதக்கணக்கில் தொங்கினால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். கரித்தூள் கலந்த கறுப்பு நிறம் இதிலிருந்து காக்கும், கண்ணைக் கவரும் சிவப்பும் நீலமும் தனிச் சேர்மம் இல்லாவிட்டால் காக்காது. கழிவை அரைத்து மறுபடி வார்ப்பதில் தவறில்லை. எத்தனை முறை அரைத்தது, எதனோடு கலந்தது என்று தெரியாமல் சுமை தாங்கும் பொருளுக்குப் போடுவதுதான் தவறு. ஒவ்வொரு உருக்கலிலும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து வலிமை குறைகிறது. பக்கெட் மூடிக்கு அது போதும். படிக்கட்டில் 20 கிலோவைத் தொங்கவிடும் வளையத்துக்குப் போதாது.

2 லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் சிக்கல் வேறு. எடை இரண்டு கிலோதான், ஆனால் அதைத் தூக்குவதைவிட ஊற்றுவதே பெரிய வேலை. பதினொரு சென்டிமீட்டர் விட்டமுள்ள உடலை முதியவரின் கையோ மூட்டுவாதம் வந்த கையோ சுற்றிப் பிடிக்க முடியாது. கழுத்தில் மட்டும் மாட்டிய பிடி தூக்க உதவும், சாய்க்கும்போது முழுத் திருப்பு விசையும் மணிக்கட்டில் விழும். உடலையும் ஒரு பட்டையால் அணைத்தால்தான் ஊற்ற முடியும். அங்கேதான் நுட்பமான இடர்: மூடி திறக்காத பாட்டில் வாயுவால் விறைத்து நிற்கிறது, திறந்ததும் தளர்ந்துவிடுகிறது. விறைத்த பாட்டிலுக்கு அளவெடுத்த பட்டை முதல் டம்ளருக்குப் பிறகு நழுவும். ஆகவே பட்டை தானாக இறுகும்படி நெகிழ்வுடன் இருக்க வேண்டும். கழுத்தைப் பொறுத்தவரை கவலை குறைவு. மூடிக்குக் கீழே இருக்கும் வளையம் நிரப்பும் மெஷின்கள் பிடித்து நகர்த்துவதற்காகவே வைத்தது, அதனால் எந்தக் கம்பெனிப் பாட்டிலானாலும் அதன் அளவு பெரிதும் மாறுவதில்லை.

ஏற்கெனவே பிளாஸ்டிக் குவிகிறது, இன்னொன்றா என்பது நேர்மையான எதிர்ப்பு. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. 5 லிட்டர் பாட்டிலோடு வரும் மெல்லிய கைப்பிடி அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் குணத்தால் அதே இனம்தான், பாட்டிலோடு பிறந்து பாட்டிலோடு குப்பைக்குப் போகிறது. பல ஆண்டு நிற்கும் தனிக் கைப்பிடி அதற்கு மாற்று. அதுவும் முடிவில் பழைய சாமான் கடைக்கு வந்து, அரைத்துத் தண்ணீரில் போடும்போது, பாலிபுரோப்பிலீன் மிதக்கும், பெட் மூழ்கும், பிரிப்பது எளிது. இதைவிட எனக்குக் கனமாகத் தோன்றுவது வேறோர் எதிர்ப்பு: பிடிக்க வசதி செய்து கொடுத்தால், ஒரு கேன் எடுத்தவரிடம் கைக்கொன்றாக இரண்டு எடுக்கச் சொல்வார்கள். நடக்கக்கூடியதுதான். கைப்பிடி கைவலியைக் குறைக்கும், முதுகெலும்பின் மேல் உள்ள சுமையைக் குறைக்காது. எத்தனை மாடிக்கு எத்தனை கேன் என்பதைக் கூலியும் வேலை நேரமும் சேர்த்துப் பேசித்தான் தீர்க்க வேண்டும், அதைப் பிளாஸ்டிக் வளையத்திடம் எதிர்பார்க்கக் கூடாது. அதற்காக விரல் அறுபடட்டும் என்று விட்டுவிடவும் முடியாது.

விலை பற்றிய தயக்கத்துக்கும் இடமுண்டு. உருளையும் கம்பியும் சேர்ந்த பிடி, ஒரே வார்ப்பில் வரும் பட்டையைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். அந்தச் செலவு கேன் போடுபவரின் சட்டைப் பையிலிருந்து வரக்கூடாது. தண்ணீர் நிரப்பும் கம்பெனி, கேனைப் போலவே கைப்பிடியையும் தன் தளவாடமாக எண்ணி வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் மணல் நிரப்பிய கேனை அதில் இரவு முழுவதும், அதுவும் மே மாத வெப்பத்தில், தொங்கவிட்டுப் பார்க்கட்டும். பிளாஸ்டிக் பகலில் தாங்கிய சுமையில் இரவெல்லாம் மெல்ல இழுபடும் பொருள். பிறகு படியேறும் குலுக்கலுக்கு ஈடாக ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கட்டும். அளவெடுக்கும் கைகளையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல் நுழையும் இடைவெளிக்குப் பெரிய கையை அளக்க வேண்டும், பிடியின் சுற்றளவுக்குச் சிறிய கையை. வாசலில் இறக்கி வைத்த கேனை அங்கிருந்து சமையலறைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்தான், கைப்பிடி அதற்குள் கழன்று அடுத்த கேனுக்குப் படியிறங்கிப் போய்விட்டிருக்கும்.