ராத்திரிச் சூடு

சித்திரை 21. இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலையில் மாடிக்குப் போனால் தக்காளிப் பைகளுக்கு அடியில் மஞ்சளாகச் சிதறிக் கிடக்கின்றன பூக்கள். எண்ணினேன், பதினேழு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இதழ் வாடவே இல்லை. காம்பின் நடுவில் விரல் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கிறது. அந்த இடம் வெளுத்து, அந்த இடத்திலேயே கழன்றிருக்கிறது. செடியே பார்த்துக் கழற்றிவிட்டிருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் இன்னொன்று. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒட்டிக்கொண்டு ஒரு கூம்பாக நிற்கும், சூல்முடி அதற்குள் ஒளிந்திருக்கும். உள்ளேயே மகரந்தம் கொட்டிக்கொள்ள அப்படி ஒரு ஏற்பாடு. இந்தப் பூவில் சூல்முடி கூம்பைத் தாண்டி, கழுத்தை நீட்டி வெளியே எட்டிப் பார்க்கிறது. சூடு ஏறினால் இப்படி நீளும். நீண்டுவிட்டால் உள்ளே எவ்வளவு கொட்டினாலும் அதன் தலையில் விழாது.

*

எங்கள் ஊருக்குத் திருவண்ணாமலை மலை கிழக்கே நிற்கிறது. பெரிய கோயில் பக்கம் இருப்பவர்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் மறையும், எங்களுக்கு மலைக்குப் பின்னாலிருந்து வரும். மார்கழியில் வாசலுக்கு வெயில் வர ஏழரை ஆகும். சித்திரையில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால் அந்தச் சலுகை சுருங்கிப்போகிறது. ஆனால் சாயங்கால வெயில் மட்டும் எந்த மாதமும் குறைவில்லாமல் எங்களுக்குத்தான். மதியம் தாண்டியதிலிருந்து மலையின் மேற்கு முகம் காய்கிறது. 814 மீட்டர் மலை, பாதிக்கு மேல் மொட்டைப் பாறை. அது எப்போது ஆறி முடிப்பது?

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் பத்து, பதினொரு மணிக்கு எங்கள் ஊரைத் தாண்டும்போது, “ராத்திரியிலகூட அனல் அடிக்குதே” என்பார்கள். பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். மற்ற மாதங்களில் எப்படியோ, மே மாதத்தில் எனக்கு அதில் சந்தேகம் வந்ததில்லை.

*

பசுமை வலை வாங்கிய கதை. முதல் வருஷம் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு 75 சதவீத நிழல் தரும் பச்சை வலை வாங்கினேன். ஆறடி உயரத்தில் கட்டி, நாலு பக்கமும் இறக்கி, கூடாரம் மாதிரி மூடிவிட்டேன். செடி எல்லாம் ஜோராக, பச்சைப் பசேலென்று, கொடி மாதிரி நீண்டு வளர்ந்தது. பூ மட்டும் வரவில்லை. வந்த நாலைந்தும் உதிர்ந்தன. உள்ளே தலையை நீட்டினால் மூடிய காருக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெயிலைத் தடுத்தேன், காற்றையும் சேர்த்துத் தடுத்தேன். இப்போது 50 சதவீத வெள்ளை வலை, ஒன்பதடி உயரம், மேற்குப் பக்கம் மட்டும் முழங்கால் உயரம்வரை இறக்கம். மற்ற பக்கம் திறப்பு. சூடான காற்று மேலே போக வழி வேண்டும். ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

*

ரெண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர் நேற்று மாடிக்கு வந்தார். தெருவில் அவருக்கு ‘சாமி’ என்றே பெயர். இந்த ஊரில் காவி கட்டினாலும் கட்டாவிட்டாலும் எல்லோரும் சாமிதான். கனடாவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கண்ணாடிக்கூடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அங்கே 2018 அக்டோபரில் சட்டமே அனுமதித்துவிட்டது. இங்கே கதை வேறு. 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பதற்கு எழுதியிருக்கும் இலக்கணமே பூவையும் காயையும் தாங்கிய நுனி என்பதுதான். கூடவே அந்த நுனி இல்லாவிட்டால் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. பூவைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசும் சட்டம் வேறு இருக்கிறதா தெரியவில்லை. செடியை வளர்ப்பதும் இங்கே குற்றம். நான் அவரிடம் கேட்டது தக்காளிக்கு.

அவர் என் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டார். அவர்கள் கணக்கில் வெப்பம் பாதிதான், காற்றின் தாகம் மீதிப் பாதி. இலைக்குள் இருக்கும் ஈரத்தைக் காற்று எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்பதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் சுமார் 1.3 கிலோபாஸ்கல். பூக்கும் பருவத்துக்கு அது போதும் என்கிறார். எங்கள் மாடியில் மதியம் 38 டிகிரி, 30 சதவீதம். கணக்குப் போட்டால் 4.6. மூன்றரை மடங்குத் தாகம். வேர் அனுப்பும் தண்ணீர் அதற்கு ஈடுகொடுக்காது. செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் வியர்க்க முடியாது, வியர்க்காவிட்டால் இலை இன்னும் சுடும். இலை விளிம்பு இரண்டும் மேலே சுருண்டு தோணி மாதிரி ஆவதைக் காட்டினேன். கஞ்சாச் செடியிலும் இதே தோணிதானாம்.

அங்கே விளக்கை அணைத்தால் பகல் முடிந்துவிடும். எங்கள் விளக்கு அணைந்த பிறகும் சுவர் எரிகிறது. அதைச் சொன்னதும், “ராத்திரி எத்தனை டிகிரி?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ராத்திரியில் ஒருநாளும் அளந்ததில்லை.

*

அளந்தேன். பத்து மணிக்கு 33. விடிகாலை ஐந்துக்கு 28. தக்காளிக்கு ராத்திரி 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 24-ஐத் தாண்டினாலே காய் பிடிப்பது தகராறு. நான் பகலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், திருடன் ராத்திரி வந்து போயிருக்கிறான்.

பகலில் இலை சர்க்கரை செய்கிறது. ராத்திரியும் செடி மூச்சு விடுகிறது, அதற்குச் சர்க்கரை செலவு. ராத்திரி எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக மூச்சு, அவ்வளவு செலவு. மகரந்தத்துக்குச் சேர வேண்டிய மாவுச்சத்து இதில் கரைந்துவிடுகிறது. ஆரணி அரிசிக்குப் பேர்போன மாவட்டம் இது, நெல்லுக்கும் இதே கதைதான். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல் கணக்குகளை வைத்து 2004-இல் ஒரு கட்டுரை வந்தது. வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைகிறது என்று. பகல் உச்சத்துக்கு அப்படி ஒரு தெளிவான தொடர்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஓசூரில் ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போட்டால் எடுபடுகிறது. கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட மூவாயிரம் அடி, ராத்திரி தானே குளிர்ந்துவிடும். திருவண்ணாமலைத் தரை அதில் கால்பங்கு உயரம்கூட வராது. அதே குடிலை இங்கே கொண்டுவந்து வைத்தால் அது இட்லிக் குண்டான்.

*

ஐந்து மணிக்குக் கீழ்வீட்டு ஆயா மல்லி பறிக்க வந்துவிடுவாள். அவள் துண்டு நிலம் எங்கள் மாடிக்கு நேர் கீழே. “என்னாடா உன் தக்காளி மூஞ்ச தொங்கப் போட்டுனு கீது?” என்றாள். அவள் மல்லி மட்டும் நெருப்பில் குளித்து எழுந்த மாதிரி மொட்டு மொட்டாக நிற்கிறது. குண்டுமல்லிக்குச் சூடுதான் வேண்டும். பனிக்காலத்தில் மொட்டு சுருங்கி விலை எகிறும், சித்திரையில் கூடை நிறையும், விலை படுத்துவிடும். ஒரே மாடிச் சுவர், ஒரே மலைச் சூடு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றுக்கு விருந்து, ஒன்றுக்கு ஜுரம்.

*

செய்தவை. கறுப்புப் பைகளைச் சுற்றிச் சாக்கு கட்டினேன். பையின் ஓரத்து மண் மூன்று மணிக்குக் கை வைக்க முடியாமல் இருந்தது, வேர் எல்லாம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பைகளைத் தரையிலிருந்து செங்கல்மேல் ஏற்றி, மேற்குச் சுவரை விட்டு நாலடி தள்ளி வைத்தேன். மாடித் தரைக்குச் சுண்ணாம்பு. மண்ணுக்கு மேல் வைக்கோல்.

டேங்க் தண்ணீரை மாலையில் ஊற்றுவதை நிறுத்தினேன். இத்தனை நாளாக வெந்நீர் ஊற்றியிருக்கிறேன், தெரிந்தே. வாடிய செடியைப் பார்த்தால் கை நிற்காது. இப்போது விடிகாலையில்தான் செடிக்குத் தண்ணீர், வாளியில் ராவெல்லாம் ஆறவைத்தது. சாயங்காலம் ஆறரைக்கு வெறும் தரைக்கும் சுவருக்கும் மட்டும் தெளிக்கிறேன். உஸ்ஸென்று ஆவி வருகிறது. பத்து மணிக்கு இப்போது 30.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வறட்சிக்குத் தெளிக்கச் சொல்லும் பிங்க் நிற பாக்டீரியாக் கரைசல், பி.பி.எஃப்.எம். என்பார்கள், வாங்கி வைத்திருக்கிறேன். தெளிக்கவில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

காலை எட்டு மணிக்கு, செடியைக் கட்டியிருக்கும் நூலைச் சுண்டிவிடுகிறேன். தக்காளிப் பூவை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அது வராது. நீலக்கோடு போட்ட ஒரு தேனீ வந்து பூவைப் பிடித்து உறுமும், இந்த வருஷம் இரண்டுமுறைதான் பார்த்தேன்.

*

படித்ததில் என்னை உட்கார வைத்தது இது: தக்காளி மகரந்தம் சூட்டுக்கு அதிகம் பயப்படுவது பூ விரிவதற்கு 8 முதல் 13 நாள் முன்னால், மொட்டு மிளகு அளவில் இருக்கும்போது. சித்திரை 21-இல் விழுந்த பதினேழும் சித்திரை பத்து வாக்கிலேயே கெட்டுப்போனவை. அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்த்தேன். மதிய வெயிலுக்கு வலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

*

வைகாசி 3. கோடை மழை. ஆலங்கட்டியோடு முக்கால் மணி நேரம். மலை புகைந்தது, பாறை வாசனை ஊர் முழுக்க. ராத்திரி பத்துக்கு 25, விடிகாலை 23. வெகுநாள் கழித்து மாடியில் போர்வை தேடினேன்.

மிளகு அளவில் இருந்த மொட்டுகளாகப் பார்த்து ஒன்பது காம்பில் சிவப்பு நூல் கட்டினேன்.

வைகாசி 16. சிவப்பு நூலில் நான்கு உதிர்ந்தன. ஒன்று இன்னும் விரியவில்லை. நான்கில் இதழ் காய்ந்து, பின்னால் கடுகளவு பச்சை தெரிகிறது. கணு வெளுக்கவில்லை. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “நாலு தக்காளிக்கா இம்மாம் பாடு?” என்று கேட்டுவிட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.